அங்கதமும் கருத்துப்படமும்: பிரெஞ்சு இதழ்களும் பாரதியாரின் ‘இந்தியா’வும்

1. தோற்றுவாய்

தமிழ் இதழியல் வரலாற்றில் கருத்துப்படம் பெறவேண்டிய இடத்தை இன்னும் முழுமையாகப் பெறவில்லை. மேனாட்டார் வழி வந்த புதுமை என்றும், பக்கத்தை அழகு செய்யும் துணைப்பொருள் என்றும் அதனை ஒதுக்கிவிடும் மனப்பான்மையே இதற்குக் காரணம் எனலாம். பாரதியார் ‘இந்தியா’ இதழில் வெளியிட்ட படங்களைப் பற்றி வேறொரு வினாவும் எழக்கூடும். படம் தானே பேசவேண்டுவது. நீண்ட விளக்கவுரையைத் துணைக்கு அழைக்கும் படம் தன் தொழிலில் தவறியதன்றோ என்பதே அவ்வினா. கருத்துப்படக் கலை முதிர்ந்த பிரெஞ்சு நாட்டு வரலாற்றோடு ஒப்பிட்டு இவ்வினாவிற்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அங்கதம் என்னும் அளவுகோல்

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இருவகைப்படுத்துவர். பழியை வெளிப்படக் கூறுவது செம்பொருள் அங்கதம். மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். பின்னதற்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு தக்க சான்றாகும். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் படைக்கொட்டிலில் மாலை சூடி நெய் பூசப்பெற்றுப் பொலியும் கருவிகளையும், தம் தலைவனுடைய கொல்லன் உலைக்களத்தில் நுனி முறிந்து கிடக்கும் கருவிகளையும் அருகருகே நிறுத்திக் காட்டுகின்றார். புகழ்வது போன்ற சொல்லில் இகழ்ச்சி மறைந்து நிற்கின்றது. இரண்டு காட்சிகளை இணைவைத்து, முடிவைக் காண்பார் உள்ளத்திற்கே விட்டுவிடும் இம்முறை பிற்காலக் கருத்துப்படத்தார் கையாண்ட முறையேயாகும். ஆதலின், கலையின் கருவி புதிதெனினும் அதன் உயிர்நிலை தமிழர்க்குப் புதிதன்று.

3. பிரெஞ்சு நாட்டில் படமும் சட்டமும்

1830ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் லூயி பிலிப் அரசராயினார். அவ்வாண்டு நவம்பரிலேயே சார்லசு பிலிப்போன் என்பார் ‘லா கரிகாத்யூர்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். 1832 டிசம்பரில் ‘ஷாரிவாரி’ என்னும் நாளிதழும் அவர் முயற்சியால் வெளிவந்தது. பழிக்கத்தக்கோர் வீட்டின்முன் ஊரார் கூடிச் சட்டி பானைகளைத் தட்டி எழுப்பும் ஆரவாரத்திற்குப் பெயர் ஷாரிவாரி என்பது. இதழின் நோக்கத்தை அப்பெயரே உணர்த்தும். வரைந்ததைக் கல்லிலிருந்து விரைந்து அச்சேற்ற உதவிய கல்லச்சு முறை வந்திராவிடின், நாள்தோறும் ஒரு படம் தருதல் அவர்க்கு இயன்றிராது.

1831 நவம்பரில் அரசரை இழிவுபடுத்தினார் என்னும் குற்றச்சாட்டின்மேல் பிலிப்போன் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அங்கு அவர் நான்கு உருவங்களை வரைந்து காட்டினார். முதலாவது அரசரின் முகம். அடுத்தடுத்த உருவங்களில் கன்னமும் தாடையும் பருத்து, நான்காவதில் முகம் முழுவதும் பேரிக்காயாகி விடுகின்றது. ஒப்புமையே குற்றமாயின் முதல் உருவத்தைத் தண்டிப்பார் இறுதியிலுள்ள காயையும் தண்டித்தல் வேண்டும் என்பது அவர் வாதம். ஆறு திங்கள் சிறையும் 2,000 பிராங்க் தண்டமும் அவர்க்குக் கிடைத்தன. அரசர்க்கோ அப்பெயர் நிலைத்துவிட்டது. பிரெஞ்சு மொழியில் அக்காயின் பெயர் பேதையையும் குறிக்குமாதலின் அடி இருமடங்காயிற்று. பொள்ளாச்சிச் சந்தையில் ஒருவர்மேல் விழுந்த பட்டப்பெயர் அவருடைய இயற்பெயரையே மறைத்துவிடுதல் உண்டு. பிலிப்போன் செய்தது வரைகோலால் இட்ட பட்டப்பெயர் எனின் அது மிகையாகாது.

ஓனோரே தோமியே என்னும் பெருங்கலைஞர் அவ்வாண்டு டிசம்பரில், குடிமக்கள் கூடை கூடையாய்க் கொணரும் வரிப்பொருளை விழுங்கும் அரக்கனாக அரசரை வரைந்து, 1832இல் தாமும் சிறை புகுந்தார். முடிவில் 1835 செப்டம்பரில் இயற்றப்பட்ட சட்டம், படங்களை வெளியிடுமுன் அரசின் இசைவு பெறவேண்டும் என விதித்தது. எழுத்திற்கு அத்தகைய முன்தணிக்கை இல்லை. எழுத்து கருத்தை வெளியிடுவது. படம் கண்ணைத் தாக்கி மக்களைச் செயலுக்குத் தூண்டுவது என்பது அரசினர் காட்டிய வேறுபாடு. சொல்லினும் படம் வலியது என்று அரசே ஒப்புக்கொண்ட இடம் இது.

இதன் பயன் இலக்கிய நோக்கில் ஆராயத்தக்கது. அரசரை வரைய இயலாத தோமியே, 1836 முதல் ரொபேர் மக்கேர் என்னும் ஏமாற்றுக்காரனை வரைந்தார். வணிகனாகவும் வழக்கறிஞனாகவும் மருத்துவனாகவும் வேடம் மாறும் இவனைக் கொண்டு அக்காலத்துப் பண வேட்கை முழுவதும் எள்ளி நகையாடப்பட்டது. செம்பொருளாய் நின்ற அங்கதம் பழிகரப்பாய் மாறியது. தனி ஒருவரை விட்டு ஒரு காலத்தையே சாடும் விரிவும் பெற்றது. பிறிதொன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது: ஏறத்தாழ நூறு படங்கள் கொண்ட அவ்வரிசைக்கு அடிவாசகம் எழுதியவர் தோமியே அல்லர், பிலிப்போனே. ஆகவே, படத்திற்குச் சொல் துணையாதலைக் குறையென்பார் இக்கலையின் தாயகத்தையே குறைகூறியவராவர்.

4. புதுச்சேரியும் ‘இந்தியா’வும்

பாரிசு இதழின் வழியில் இலண்டனில் 1841இல் தோன்றிய ‘பஞ்ச்’, தன்னை ‘இலண்டன் ஷாரிவாரி’ என்றே துணைப்பெயரால் அழைத்துக்கொண்டது. அதன் சாயலில் இலக்குமணபுரியில் 1877இல் ‘அவத் பஞ்ச்’ என்னும் உருது இதழ் பிறந்தது. தமிழில் இக்கலையை அரசியற் கருவியாகத் தொடர்ந்து ஆண்ட பெருமை, சென்னையில் 1906 மே திங்களில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழைச் சாரும். 1908இல் அரசு அடக்குமுறையைக் கைக்கொண்டு, இதழின் சட்டப்படியான ஆசிரியர் சிறை சென்றபின், பாரதியார் புதுச்சேரி சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் இதழும் அங்கிருந்து வரலாயிற்று. வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்த காலமும் அதுவே.

புதுச்சேரி தந்த காப்பினைப் பலரும் கூறுவர்; அதன் சட்ட அடிப்படையை நோக்குவார் சிலரே. படத்தின்மேல் பிரெஞ்சு நாட்டில் விழுந்த தளை, இடையிடையே தளர்ந்தும் மீண்டும் இறுகியும், 1881 சூலைத் திங்களில் இயற்றப்பட்ட அச்சுரிமைச் சட்டத்தாலேயே நீங்கியது. அச்சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் உரியதாக்கப்பட்டது. பிலிப்போனும் தோமியேயும் சிறை புகுந்து நடத்திய போராட்டத்தின் பயனை, அவர்கள் பெயரே கேட்டறியாத தமிழ் வாசகரும் இவ்வாறு பெற்றனர் எனலாம். ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் இதழ் நுழைவது தடுக்கப்படவே, 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. படங்களுக்கென்றே ‘சித்ராவளி’ என்னும் இதழை நடத்தப் பாரதியார் கொண்ட எண்ணமும் நிறைவேறவில்லை.

5. முகமும் கதையும்

இனி, முதலில் எழுந்த வினாவிற்கு வருவோம். பிரெஞ்சுக் கருத்துப்படம் முகத்தை அடிப்படையாகக் கொண்டது. நாணயத்திலும் கடைத்தெருவில் விற்ற படங்களிலும் அரசர் முகத்தைப் பாரிசு மக்கள் நன்கறிவர். அறிந்த முகத்தைத் திரித்தால் நகை பிறக்கும். ‘இந்தியா’வின் வாசகருள் கர்சன், மிண்டோ, மார்லி ஆகியோரின் பெயரை அறிந்தார் பலராயினும் முகத்தை அறிந்தார் சிலரே ஆவர். அறியாத முகத்தைத் திரித்துப் பயனில்லை. அவர்கள் அறிந்தவை புராணக் கதைகளும் விலங்குக் கதைகளுமாம். ஆகவே, ‘இந்தியா’வின் படம் முகத்தை விட்டுக் கதையைப் பற்றிக்கொண்டது. கதையுருவில் ஆட்சியும் மக்களும் எவ்வெவ்விடம் பெறுகின்றனர் என்பதை விளக்கவுரை சுட்டியது. படம் பழிகரப்பாகவும் உரை செம்பொருளாகவும் நின்று, இரண்டும் கூடியே ஓர் அங்கதமாயின என்பது எம் துணிபு.

இதனாற் குறையே இல்லை என்பதும் பொருந்தாது. உரை எல்லாவற்றையும் எடுத்துக் கூறிவிடும்போது, காண்பார் தாமே கண்டுபிடித்து நகும் இன்பம் குறைகின்றது. பேரிக்காயின் ஒரே கோட்டிற்குள்ள கூர்மை, உறுப்புகள் பல நிறைந்த உருவகப் படத்திற்கு அமைவதில்லை. எனினும், படம் பார்த்துப் பொருள் கொள்ளும் பயிற்சியை ஒரு புதிய வாசகர் கூட்டத்திற்கு அளிக்க வேண்டியிருந்த நிலையில், அவ்வுரை ஆசிரியர் கடமையின் பாற்பட்டதாகும். அப்பயிற்சி வேரூன்றியபின், 1930களில் ‘ஆனந்த விகட’னில் மாலி சில கோடுகளாலேயே மாந்தரைக் காட்ட முடிந்தது.

கொங்கு நாட்டிலும் இம்மரபின் ஒரு கிளையைக் காணலாம். 1925 மே திங்களில் ஈரோட்டில் தோன்றிய ‘குடி அரசு’ இதழில் பெரியார் ‘சித்திரபுத்திரன்’ என்னும் புனைபெயரில் எள்ளல் கட்டுரைகள் எழுதினார். சித்திரத்தினின்று உயிர்பெற்று, மாந்தர் செய்த பாவ புண்ணியங்களைக் கணக்கெழுதுபவன் எனப் புராணம் கூறும் ஒருவனின் பெயரையே, புராணத்தை மறுத்தார் ஒருவர் சூடிக்கொண்டமை தனியொரு பழிகரப்பாகும். படத்தின் துணையின்றியே சொல் இங்குக் கேலிச் சித்திரத்தின் தொழிலை ஆற்றுகின்றது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: கருத்துப்படம் அங்கத இலக்கியத்தின் ஒரு வகையாகும், பாரிசில் அது முகத்தைப் பற்றியும் தமிழில் கதையைப் பற்றியும் வளர்ந்தது, இருவிடத்தும் படமும் சொல்லும் பிரித்தற்கரியன. ஆதலின், பாரதியாரின் விளக்கவுரையை மட்டும் உரைநடையெனத் தொகுத்துப் படத்தை நீக்குதல், பாட்டில் முதலடியை நீக்கி எஞ்சியதைப் பதிப்பித்தல் போன்றதாம். ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் படங்களையும் விளக்கங்களையும் ஒருசேரப் பதிப்பித்து நெறி காட்டினார். அந்நெறி பிற இதழ்களுக்கும் விரிதல் வேண்டும்.

கொங்கு நாட்டுப் பல்கலைக்கழகம் 1982 முதல் பாரதியார் பெயரையே தாங்கி நிற்கின்றது. பொள்ளாச்சி முதலிய ஊர்களில் தமிழாய்வு மேற்கொள்ளும் மாணவர், தத்தம் பகுதிப் படிப்பகங்களிலும் பழைய வீடுகளிலும் இதழ்கள் உளவோ எனத் தேடி, படம் கிழியாமலும் உரை பிரியாமலும் பட்டியலிடுவாராயின், தமிழ் அங்கத வரலாற்றின் விடுபட்ட பகுதிகளை நிறைவு செய்யலாம். கரையான் முந்திக்கொள்ளுமுன் அப்பணியைத் தொடங்குதல் நன்று.