'ஏழை படும் பாடு': சொல்லும் விகுதியும்

விக்தோர் யூகோ 1862இல் வெளியிட்ட 'லே மிசெராப்ல்' என்னும் பிரெஞ்சு நாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தார். அதன் அடிப்படையில், கே. ராம்நாத் இயக்கிய 'ஏழை படும் பாடு' திரைப்படம் 1950இல் வெளிவந்தது. இத்தகைய படங்களைப் பற்றிய திறனாய்வு, கதை எவ்வளவு மாறியது என்பதிலேயே பெரிதும் நின்றுவிடுகிறது. மொழி மாறியதால் நேர்ந்தது யாது என்பதும் கேட்கத்தக்கதே.

பிரெஞ்சில் 'மிசெராப்ல்' என்னும் சொல் இரங்கத்தக்கவனையும் இழிந்தவனையும் ஒருங்கே சுட்டும். இவ்விரு பொருளும் பிரிக்கவியலாது கலந்திருப்பதே நாவலின் அடித்தளம். குறளில் அறிவிலியைக் குறித்த 'ஏழை' பின்னர்ப் பொருளற்றவனைக் குறிக்கலாயிற்று. குற்றவாளி என்ற பொருள் அதற்கு இல்லை. மேலும், மூலத் தலைப்பு மாந்தரைச் சுட்ட, தமிழ்த் தொடரில் தலைமைச் சொல்லாக நிற்பது 'பாடு' என்னும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். துன்பம் முன்னே வர, மாந்தர் பின்னே செல்கின்றனர். படம் தொடங்குமுன்பே கைதி மன்னிக்கப்பட்டுவிடுகிறான்.

ஆயினும் இழிவுப் பொருள் மறைந்தொழியவில்லை. சொல்லிலிருந்து விகுதிக்கு இடம்பெயர்ந்தது என்பதே என் கருத்து. முன்னிலையில் பிரெஞ்சுக்கும் நீ, நீங்கள் என்பன போன்ற வேறுபாடு உண்டு. படர்க்கையிலோ கைதிக்கும் நகரத் தலைவருக்கும் 'இல்' என்ற ஒரே சொல்தான். தமிழில் கைதி தலைவனாக உயரும்போது எந்த வாக்கியத்தில் 'அவன்' 'அவர்' ஆவது? யூகோவுக்கு எழாத இச்சிக்கல் தமிழில் பெயர்ப்பவர் எவருக்கும் எழும். திரைப்படத்திலோ இத்தேர்வு கதைகூறியிடமிருந்து பாத்திரங்களின் வாய்க்குப் போய்விடுகிறது. புகலிடம் தரும் ஆயர் பணிப்பெண்ணிடம் 'இவருக்கும் உணவு வை' என்று கூறுவதாகத் தமிழில் எழுதினால், நான்காம் வேற்றுமையேற்ற அப்பெயர் ஒன்றே கைதியை மனிதனாக்கிவிடும். பிரெஞ்சில் இதற்கு வாய்ப்பில்லை. தழுவலில் இழப்பை மட்டுமே கணக்கிடுவோர் இத்தகைய ஈட்டத்தைக் காண்பதில்லை.

பெயர்களும் நோக்கத்தக்கன. நாகையா ஏற்ற நாயகன் கந்தன் ஆனான். அவனைத் துரத்தும் காவல் அதிகாரியோ ஜாவர் என்றே நின்றார். பிரெஞ்சு எழுத்திலுள்ள இறுதி 'ட்' ஒலிக்கப்படாது. ஆகவே தமிழ் வடிவம் மூல ஒலிப்பை ஒட்டியதே. ஈற்று 'அர்' தமிழ்ச் செவிக்கு உயர்வுப் பன்மை போலக் கேட்பது தற்செயல்தான். எனினும் 'அன்' ஈற்றுக் கந்தனுக்கு எதிரே அது நிற்கும்போது, சட்டத்தின்முன் இருவர்க்கும் உள்ள இடம் பெயரிலேயே புலப்படுகிறது. அவ்வேடம் ஏற்ற சீதாராமன் பின்னர் ஜாவர் சீதாராமன் என்றே அறியப்பட்டார். ஊரோ தந்தையோ நிற்கும் முன்னொட்டிடத்தில் பிரெஞ்சுக் கதைமாந்தர் ஒருவரின் பெயர் வந்தமர்ந்தது நம் பெயரிடு மரபில் அரிது.

இதே நாவலின் சாயலில் எழுந்த 'ஞான ஒளி' (1972) வேறு வழி கண்டது. தமிழ்க் கிறித்தவச் சூழலே களமானதால் அந்தோணி, லாரன்ஸ் என்னும் பெயர்கள் இயல்பாகவே பொருந்தின. அந்தோணி செல்வராகத் திரும்பும்போது ஏற்கும் 'அருண்' என்ற பெயரில் விகுதியே இல்லை. பழைய சமூக அடையாளமும் இல்லை. 'நீங்கள்' என்று விளிக்கவேண்டிய அப்பெரிய மனிதருக்குள் 'நீ'யைத் தேடுவதே அதிகாரி லாரன்சின் வேலையாகிறது.