ஜிக் வேறு, ஸ்லைட் வேறு

டப்ளினில் நம்மவர்கள் பெருகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் என்ன செய்கிறார்கள்? புதுப்படம் வந்திருந்தால் தியேட்டர், இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது பிரியாணி. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் டெம்பிள் பார் பக்கம் ஒரு நடை, ஒரு செல்ஃபி. வருஷக்கணக்கில் இந்த ஊரில் இருந்துவிட்டு, ‘ஐரிஷ் இசையா? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்’ என்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ராகம் தெரியாத ஒருவர் நம் கச்சேரியைப் பற்றி இதைச் சொன்னால் சும்மா விடுவோமா?

முதலில் தயக்கத்தைப் போக்கிவிடுகிறேன். பப்புக்குப் போனால் குடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. சோடா கேளுங்கள், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கமாட்டார்கள். குழந்தைகளோடு போனால் இரவு 9 மணிக்குள் (மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்குள்) கிளம்பிவிடுங்கள், அது சட்டம். வாத்தியங்கள் ஃபிடில், புல்லாங்குழல், டின் விசில், கான்செர்டினா, பட்டன் அக்கார்டியன், முழங்கையால் துருத்தி அழுத்தி வாசிக்கும் இல்லன் பைப்ஸ், ஆட்டுத்தோல் கட்டிய பௌரான். மேடை கிடையாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பார்கள். நமக்குப் பாதிப் பேரின் முதுகுதான் தெரியும். இதற்குப் பெயர் செஷன். பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதி, ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தடவை வாசிப்பார்கள். மெட்டு இரண்டு மூன்று சுற்று வந்ததும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். அடிப்படை இவ்வளவுதான், மற்றதெல்லாம் போகப்போகப் பிடிபடும்.

வெள்ளி இரவு ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் காபிள்ஸ்டோன் பப்புக்குப் போங்கள். அதன்மேல் ஓட்டல் எழுப்ப ஒரு திட்டம் வந்தபோது, 2021இல் ஊரே வாத்தியங்களோடு தெருவில் இறங்கியது. நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது. ஒரு பப்புக்காக ஜனங்கள் ஊர்வலம் போகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தோன்றவேண்டாமா? மைக்கும் கிட்டாருமாக ஒருவர் நின்று, சுற்றுலாக் கூட்டம் கைதட்டுவதற்காகவே பாடும் இடங்களை ஒதுக்குங்கள். அங்கே கேட்பது இரைச்சல். ‘காலைத் தட்டவைக்கும் துள்ளல் இசை’ என்று பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். எந்தத் தாளத்துக்குக் கால் தட்டியது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

தாளம்தான் இங்கே எல்லாம். இது ஆட்டத்துக்குப் பிறந்த இசை. ரீல் என்றால் நாலு, தகதிமி. ஜிக் என்றால் மூன்று, தகிட தகிட. திஸ்ர நடை தெரிந்த காதுக்கு ஒரு நிமிஷ வேலை. இதுவரை எந்தக் கையேடும் சொல்லும். கையேடுகள் விட்டுவிடுவது ஸ்லைடை.

ஸ்லைடும் மூன்றில்தான் ஓடுகிறது. அதனால் முக்கால்வாசிப் பேர் அதை வேகமான ஜிக் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லவே இல்லை! ஜிக்கில் த, கி, ட மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும். வில் மூன்றுக்கும் வேலை செய்கிறது. ஸ்லைடில் முதல் இரண்டும் பல இடங்களில் ஒட்டிக்கொள்ளும். தாஆ-ட, தாஆ-ட என்று ஒரு நெடில், ஒரு குறில். நடுநடுவே ஒரு முழு தகிட வந்து விழும், உடனே மறுபடி தாஆ-ட. எழுதும்போதும் ஜிக்குக்கு ஒரு பாரில் இரண்டு தட்டு, ஸ்லைடுக்கு நாலு. அதாவது ஜிக் குட்டி வாக்கியங்களாகப் பேசுகிறது, ஸ்லைட் மூச்சுவிடாமல் நீளமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. சந்தேகம் வந்தால் ஃபிடிலைப் பார்க்காதீர்கள், அக்கார்டியன்காரரின் ஷூவைப் பாருங்கள். ஜிக்கில் முன்பாதம் சீராக ஏறி இறங்கும். ஸ்லைட் தொடங்கியதும் குதிகாலும் சேர்ந்துகொள்ளும், மேஜையில் கண்ணாடித் தம்ளர் நடுங்கும்.

இந்த வித்தியாசத்தை அதன் சொந்த ஊரில் கேட்கவேண்டும். சனிக்கிழமை காலை ஹூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறுங்கள். மாலோவில் இறங்கி டிராலி வண்டிக்கு மாறவேண்டும். அந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: நம் குழந்தைகள் பாட்டு வகுப்பில் பாடும் முத்துசுவாமி தீட்சிதரின் ‘வந்தே மீனாக்ஷி’ நோட்டுஸ்வரம், ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற மெட்டில் அமைந்தது. அந்த மாலோ இதுதான். அவர் தம்பி பாலுஸ்வாமிதான் வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். அப்புறமும் இது அந்நிய இசை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ராத்மோரில் இறங்கினால் ஸ்லீவ் லூக்ரா வட்டாரம், கார்க்கும் கெர்ரியும் சந்திக்கும் மலைச்சரிவு. ஸ்லைடும் போல்கா என்ற இன்னொரு ஆட்ட மெட்டும் இங்கேதான் ராஜாக்கள். பாட்ரிக் ஓ'கீஃப் (1887-1963) பள்ளிக்கூட வேலை போனபிறகு வீடு வீடாக நடந்து ஃபிடில் சொல்லிக்கொடுத்தவர். அவர் எழுதிக்கொடுத்த தாள்களைப் பாருங்கள். நாலு இடைவெளி நாலு தந்தி. அவற்றில் எந்த விரல் என்று 0 முதல் 4 வரை எண்கள். ஸ்வரம் படிக்கத் தெரியாத விவசாயிக்காக அவர் உண்டாக்கிய முறை. அவருடைய சீடர்கள் டெனிஸ் மர்ஃபியும் அவர் தங்கை ஜூலியா கிளிஃபோர்டும் வாசித்து 1969இல் வந்த ‘தி ஸ்டார் அபவ் த கார்ட்டர்’ இசைத்தட்டை ரயிலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டே ஃபிடில், வேறு ஒன்றும் இல்லை. அட்டையில் பனிமூட்டமும் உள்ளே சின்தசைசருமாக ‘செல்டிக்’ என்ற பெயரில் விற்பதையெல்லாம் அதற்குப் பிறகு உங்களால் ஐந்து நிமிஷம் பொறுக்கமுடியாது. ‘ரிவர்டான்ஸ்’ பார்த்திருக்கிறேனே என்பீர்கள். 1994இல் யூரோவிஷன் இடைவேளைக்காகப் பிறந்த மேடைக் காட்சி அது. வரிசையாகக் கால்கள் எழும்புவதைக் கண் பார்த்துக்கொண்டிருந்தால் காது தூங்கிவிடும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு இந்த இசை இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பப்பில் கூடி வாசிக்கும் இந்த வழக்கம் வேரூன்றியதே, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு லண்டனின் கேம்டன் டவுன் மாதிரி இடங்களில். கட்டட வேலைக்குப் போன ஐரிஷ்காரர்கள், வாடகை அறையில் வாசிக்க இடமில்லாமல் பப்பில் கூடினார்கள். வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்கள் வார இறுதியில் உண்டாக்கிய சங்கதி இது. நமக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

ஞாயிறு டப்ளின் திரும்பியதும் ஓய்வெடுக்காமல் நேரே ஒரு செஷனுக்குப் போங்கள், இரவு 11 மணிக்குப் பப்பை அடைத்துவிடுவார்கள். வாத்தியக்காரர்களுக்கு ஒதுக்கிய நாற்காலியில் உட்காராதீர்கள். போனைப் பையில் வையுங்கள். யாராவது பாட ஆரம்பித்தால் பேச்சை நிறுத்துங்கள். ஒரு வரிசை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், ‘இரண்டாவதாக வந்தது ஸ்லைடுதானே?’ என்று கேளுங்கள். டெம்பிள் பாரில் செல்ஃபி எடுத்தவரிடம் யாரும் பேசாத பேச்சை அவர் உங்களிடம் பேச ஆரம்பிப்பார், கடைசி பஸ் போய்விடும்படி.