அசையாத கை, சுழலும் டிரம்

மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஒரு வி.சி.ஆர். ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கேசட் இறங்கி உட்கார்ந்ததும் இரண்டு சிறு உருளைகள் டேப்பை வெளியே இழுத்துக்கொண்டு வந்து, சற்றே சாய்ந்து நிற்கும் பளபளப்பான டிரம்மைச் சுற்றி அணைத்தாற்போல் வளைத்துவிடும். ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் ஜப்பானில் வி.எச்.எஸ். முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வகுத்த வழி இது. வீட்டுக்குள் வந்த இயந்திரங்களில் இவ்வளவு நளினமான அசைவு வேறெதிலும் இல்லை என்பது என் துணிபு.

அந்த டிரம்மின் விட்டம் 62 மில்லிமீட்டர். நம் ஊர்த் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் அது நொடிக்கு 25 முறை சுழல்கிறது. டேப் மட்டும் நிதானமாக, நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட நகராமல் ஊர்ந்து போகிறது. டிரம்மில் எதிரெதிரே பதிந்திருக்கும் இரண்டு ஹெட்டுகள் டேப்பின் மேல் சாய்வுக் கோடுகளாகப் படத்தை எழுதுகின்றன, படிக்கின்றன. ஒரு கோட்டின் அகலம் 49 மைக்ரான். சராசரி தலைமுடியைவிட மெல்லியது. இதை அறிந்தவருக்கு, ஹெட்டில் ஒட்டிய தூசு ஒன்று ஏன் படத்தைக் கெடுத்துவிடுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நல்ல மெக்கானிக் வி.சி.ஆர். டெக்கைப் பார்த்தவுடன் திருப்புளியை எடுக்க மாட்டார். வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்தக் கலையில் நான் பெரிதும் ரசிப்பது அந்தப் பார்வையைத்தான். சத்தம் தெளிவாகக் கேட்கிறது, படத்தில் வெறும் புள்ளிமழை என்றால் வீடியோ ஹெட்டுகள் அடைத்திருக்கின்றன. படமும் தெரிகிறது, அதன் மேலேயே புள்ளியும் படபடக்கிறது என்றால் இரண்டில் ஒன்று மட்டும் அடைத்திருக்கக்கூடும். படம் சுத்தம், சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கினால், டிரம்மைத் தொடவே வேண்டாம். அதைத் தாண்டி நிற்கும் ஆடியோ ஹெட்டைத் துடைத்தால் போதும். சத்தம் இழுத்து இழுத்துக் கேட்டால் டேப்பை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டையும் அதை அழுத்தும் ரப்பர் உருளையையும் பார்க்க வேண்டும். படத்தின் குறுக்கே ஓடும் கோடு டிராக்கிங் குமிழைத் திருப்பியதும் விலகிவிட்டால் அது பழுதே அல்ல, கேசட் வேறொரு டெக்கில் பதிவானது, அவ்வளவுதான். எவ்வளவு திருப்பியும் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ கோடு ஒட்டிக்கொண்டு நின்றால், டேப்பை வழிநடத்தும் உருளைகள் மேல் சந்தேகம் வர வேண்டும். திரையே நோயாளி, திரையே எக்ஸ்ரே.

சுத்தம் செய்வதில் முதல் வேலை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சற்று நேரம் காத்திருப்பது. பவர் சப்ளைப் பகுதியில் மின்சாரம் தேங்கி நிற்கும். அந்தப் பக்கம் கை போகவே கூடாது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தருவார்கள். தண்ணீர் கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

டிரம்முக்குப் பஞ்சு கூடவே கூடாது. பஞ்சின் இழை ஹெட்டின் நுனியில் சிக்கினால் அந்தச் சின்னஞ்சிறு ஃபெரைட் துண்டு உடைந்துவிடும். மென்தோல் சுற்றிய குச்சி வேண்டும். அது கிடைக்காதபோது வழவழப்பான வெள்ளைத் தாளை மடித்து நனைத்தே வேலையை முடித்த மெக்கானிக்குகள் உண்டு. நனைத்த தோலை டிரம்மின் பக்கவாட்டில் ஒற்றினாற்போல் வைத்து, கையை அப்படியே நிறுத்திவிட வேண்டும். மறு கையால் டிரம்மின் மேல்பகுதியை மெல்லச் சுழற்ற வேண்டும். துடைப்பது நாம் அல்ல. டிரம் தானே வந்து துடைத்துக்கொண்டு போகிறது. மேலும் கீழுமாக ஒரே ஒருமுறை தேய்த்தாலும் ஹெட் போய்விடலாம். அழுத்தமும் கூடாது, நடுக்கமும் கூடாது. அழுக்கைக் கண்டதும் அழுத்தித் தேய்க்கத் துடிக்கும் கையை அடக்குவதில்தான் இந்த வேலையின் அழகெல்லாம் இருக்கிறது. தோலில் பழுப்பாக ஒட்டி வருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அதாவது டேப்பிலிருந்து உதிர்ந்த படம்.

மற்றவற்றுக்கு இவ்வளவு பயம் வேண்டியதில்லை. உருளைகள், ஆடியோ ஹெட், கேப்ஸ்டன் எல்லாவற்றையும் பஞ்சுக் குச்சியாலேயே துடைக்கலாம். வழியில் தென்படும் திருகுகளை மட்டும் தொடாதீர்கள். அவை அழுக்கைத் தீர்ப்பதற்காக வைத்தவை அல்ல. ஒரு சுற்றுத் திருப்பினால் தொழிற்சாலையில் அமைத்த அளவு கலைந்துவிடும். கடையில் விற்ற உலர் கிளீனிங் கேசட்டுகள் எனக்கு ஒப்பாதவை. அவை ஹெட்டையும் சேர்த்தே தேய்க்கின்றன.

டெக் சில நொடி ஓடித் தானாக நின்றுவிடுகிறது என்று பலர் அதைத் தட்டுவார்கள். உள்ளே நடப்பது வேறு. டேப்பைச் சுருட்டிக்கொள்ள வேண்டிய சக்கரம் சுழலவில்லை, அதைத் திருப்பும் ரப்பர் வளையம் வழுக்குகிறது. ஓடவிட்டால் டேப் கொத்தாகக் குவிந்து கசங்கும் என்பதால், சக்கரம் நின்றதை உணர்ந்து டெக் தன்னை நிறுத்திக்கொள்கிறது. ரப்பரைத் துடைத்தால் சில நாள் ஓடும், மாற்றுவதே தீர்வு. இன்னொன்று: மூடியைத் திறந்து வைத்து வெயிலிலோ பிரகாசமான விளக்கின் கீழோ ஓட்டினால் சில டெக்குகள் அடம்பிடிக்கும். டேப்பின் முனையில் உள்ள கண்ணாடி போன்ற பகுதி வழியே ஒளி பாய்வதை வைத்துத்தான் அவை டேப் முடிந்ததை அறிகின்றன. வெளி வெளிச்சம் அந்த உணரியில் பட்டால் டேப் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். ஓர் அட்டையால் மறைத்தால் சரியாகிவிடும்.

எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த டெக்குகள் நம் ஊர்களில் வாடகைக்கு அலைந்து, விடிய விடியப் படம் காட்டின. பின்னாளில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் அந்தக் கேசட்டுகளுக்குள் போயின. அவை இன்னும் பரணில் இருக்கின்றன. நம் ஈரக்காற்றில் அவற்றுக்குப் பூஞ்சை பிடிக்கிறது. கேசட்டின் கண்ணாடி வழியே டேப் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெண்பொடி தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை டிரம்மில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்தியது. உலகில் கடைசியாக அதைத் தயாரித்துவந்தவர்கள் அவர்களே. இருக்கும் ஹெட்டுகள் தேய்ந்தால் புதிது கிடைப்பது கடினம். வீட்டில் டெக் இருந்தால் இந்த மாதமே துடைத்து ஓட்டிப் பாருங்கள். முதலில் போனால் போகட்டும் என்று விடக்கூடிய கேசட்டைப் போடுங்கள். அது நன்றாக ஓடிய பிறகு கல்யாண கேசட்டைப் போட்டு, ஓடும்போதே கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்ளுங்கள்.