டின்ஸ்லிக்கு எத்தனை மதிப்பெண்?

2005இல் ஹிர்ஷ் சொன்ன எச்-இண்டெக்ஸ் எளிய கணக்குதான்: 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் மதிப்பு 20. எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையை அது தாண்டவே முடியாது. வருஷம் போனால் குறையவும் குறையாது. ஆக, நீண்ட ஆயுளுக்கும் சேர்த்தே மார்க் போடுது.

பியாட்ரிஸ் டின்ஸ்லி 1981இல், 40 வயதில், புற்றுநோயால் இறந்தார். ஆய்வுக்குக் கிடைத்தது சுமார் 14 வருஷம். கட்டுரைகள் 100 அளவில். விண்மீன்களுக்கு வயதாக ஆக கேலக்ஸியின் பிரகாசமும் மாறும்னு கணக்கிட்டுக் காட்டினார். ராட்சத நீள்வட்ட கேலக்ஸிகளை மாறாத விளக்குகளாகக் கொண்டு பிரபஞ்ச விரிவை அளந்த ஆலன் சாண்டேஜின் முறை அதில் ஆட்டம் கண்டது.

இன்று அது பாடப்புத்தக விஷயம். பாடமாகிப் போன உண்மைக்கு யார் அடிக்குறிப்பு போடுகிறார்கள்? ஒரு ஆய்வாளரை எடைபோட இந்த எண் மட்டும் போதும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லணும்.