செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் ஆலயம்: முகப்பும் நிலவறையும்

செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ், லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ஆங்கிலிக்கன் சேகர ஆலயம். ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்த இன்றைய கட்டடம் 1722 முதல் 1726 வரை கட்டப்பட்டது. வீடற்றவர்களும் வழிப்போக்கர்களும் தயங்காமல் நுழையக்கூடிய ஆலயம் என்று இது பெயர் பெற்றது. அந்த வரவேற்புக்கும் இக்கட்டடத்தின் வடிவத்துக்கும் உள்ள உறவு ஆராயத்தக்கது.

வரலாறு

இங்கு ஓர் ஆலயம் இருந்ததற்கான குறிப்பு 1222-லேயே கிடைக்கிறது. லண்டன் நகருக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் இடையே வயல்வெளியில் நின்றதால் ‘வயல்களில் உள்ள’ என்ற அடைமொழி சேர்ந்தது. 1542-ஐ ஒட்டி எட்டாம் ஹென்றி இதைப் புதுப்பித்துக் கட்டினார். கொள்ளைநோய் கண்டவர்கள் தம் அரண்மனை வழியாகச் செல்லாமல் தடுப்பதே அவரது நோக்கம் என்று சொல்லப்படுகிறது. சிலரை விலக்கி வைக்க விரிவாக்கப்பட்ட ஆலயம், பிற்காலத்தில் விலக்கப்பட்டவர்களின் புகலிடமானது.

கட்டட அமைப்பு

கிப்ஸ் ஸ்காட்லாந்துக்காரர்; ரோமில் கார்லோ ஃபொன்டானாவிடம் பயின்றவர். அவர் முதலில் வரைந்தது வட்ட வடிவ ஆலயம். செலவு மிகுதி என்று அது மறுக்கப்பட்டது. பின்னர் நீள்சதுர வடிவில் ஆலயம் எழுந்தது. மேற்கு முகப்பில் ஆறு கொரிந்தியத் தூண்கள் தாங்கும் முகமண்டபம், அதன்மேல் முக்கோண முகப்பு, அதற்குப் பின்னே சுமார் 192 அடி உயரக் கூர்கோபுரம் என்பது அமைப்பு. உள்ளே வளைகூரையில் இத்தாலியக் கலைஞர்களின் சுதைவேலைப்பாடுகள் உள்ளன. பீடத்தின் பக்கத்தில் அரச குடும்பத்துக்குத் தனி மாடம் உண்டு. முக்கோண முகப்பில் இருப்பது அரச இலச்சினை.

கோபுரம் தரையிலிருந்து எழாமல் கூரையைத் துளைத்து வந்தது போல் தோன்றுகிறது என்பது இதன்மீது வைக்கப்படும் பழைய குறை. ரோமானியக் கோயில் முகப்பும் இடைக்கால ஆலயக் கோபுரமும் இங்கே முழுமையாக ஒட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் கிப்ஸ் காலத்தில் இங்கே சதுக்கம் கிடையாது. நெருக்கமான தெருக்களே இருந்தன. தொலைவில் இருப்பவருக்குக் கூரைகளுக்கு மேலே கோபுரமும், அருகில் வருபவருக்கு முகமண்டபமும் தெரிந்தால் போதும். 1840-களில் டிரஃபால்கர் சதுக்கம் அமைந்த பிறகே இரண்டும் ஒரே பார்வையில் விழுந்தன. ஆகவே, குறையின் ஒரு பங்கு பின்னாளில் திறந்த வெளியைச் சேரும்.

தாக்கம்

கிப்ஸ் 1728-இல் வெளியிட்ட கட்டடக்கலை நூல் வழியாக இந்த வடிவம் அமெரிக்கா வரை பரவியது. சென்னை எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயத்தின் முகமண்டபமும் கோபுரமும் இந்த மரபைச் சேர்ந்தவை. அதன் உட்கூடமோ குவிமாடத்தின் கீழ் வட்டமாக அமைந்தது. லண்டன் மறுத்த வட்ட வடிவம் சென்னையில் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

வரவேற்பு

முதல் உலகப்போரின்போது குருவானவராக இருந்த டிக் ஷெப்பர்ட், பிரான்ஸ் போர்முனைக்குச் செல்லும் வீரர்களுக்காக ஆலயத்தை இரவிலும் திறந்து வைத்தார். இரண்டாம் உலகப்போரில் நிலவறை விமானத் தாக்குதலிலிருந்து மக்களைக் காத்தது. ஒரு காலத்தில் இறந்தோரை அடக்கம் செய்த இடம் அது. இன்று அங்கே உணவகம் நடக்கிறது. வீடற்றோருக்கான பணியும் இவ்வளாகத்தில் தொடர்கிறது.

2006–2008-இல் எரிக் பாரியின் வடிவமைப்பில் சுமார் 3.6 கோடி பவுண்டு செலவில் நடந்த புதுப்பித்தல் இந்தப் போக்குக்குக் கட்டட வடிவம் தந்தது. ஆலயத்தின் வடபுறம் கண்ணாடி நுழைவாயில் ஒன்று அமைந்தது. அங்கிருந்து மின்தூக்கியிலோ படியிலோ நிலவறைக்கு இறங்கலாம். அப்போதே ஷிராசே ஹூஷியாரி வடிவமைத்த கிழக்குச் சாளரமும் வந்தது. அதில் புனிதர் உருவங்கள் இல்லை. வளைந்த கம்பிகளும் நடுவே நீள்வட்டமும் சேர்ந்து சிலுவையை உணர்த்துகின்றன. எந்தச் சமயத்தவரும் அந்நியமாக உணராத வெளிச்சம் அது.

மதிப்பீடு

கிப்ஸின் முகப்பு அரசருக்கும் செல்வருக்கும் ஏற்ற கம்பீரம் கொண்டது. படியேறி வருபவரை அது மதிப்புடன் ஏற்கிறது. ஆனால் கந்தலுடன் வருபவர் அங்கே தயங்கி நிற்கக்கூடும். அந்தத் தயக்கத்தைப் போக்கியவை ஷெப்பர்ட் திறந்து வைத்த கதவும், தெருவோடு தெருவாக அமைந்த கண்ணாடி வாயிலுமே. ஒரு கட்டடம் தானாக யாரையும் வரவேற்பதில்லை. அதைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு தலைமுறையிலும் எந்தக் கதவைத் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே வரவேற்பு அமைகிறது. பழைய முகப்பைச் சிதைக்காமல் இதைச் செய்து காட்டியதே இந்த ஆலயத்தின் சிறப்பு.