விடை 3: ராமானுஜன் நோட்டுகளை எப்படிப் படிக்கலாம்?

ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்று இருக்குன்னு சொன்னா, இங்கேயே பொறந்து வளர்ந்தவங்களே "அப்படியா?"ன்னு கேக்குறாங்க. கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993-ல் தொடங்கியது. அங்கே போய்ட்டு வந்த பிறகுதான், 1957-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கையெழுத்துப் படியாகவே அச்சிட்ட நோட்டுகளை நிதானமா புரட்ட ஆரம்பிச்சேன்.

தமிழில் வரும் ராமானுஜன் கட்டுரைகள் மேல எனக்கு ஒரு வருத்தம். நாமகிரித் தாயார், துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளம், நிரூபணமே இல்லாத சூத்திரங்கள் என்று முடிஞ்சிடும். ஒரு கணக்காவது போட்டுக் காட்ட மாட்டாங்க. அவரோ அப்படி இல்லை.

1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் கேட்ட கேள்வி: √(1+2√(1+3√(1+4√(1+…)))) எவ்வளவு? மாதக்கணக்கில் யாரும் விடை அனுப்பல. விடை 3. நோட்டில் இதுக்கு மூணு எழுத்து வெச்ச பொதுச் சூத்திரம் இருக்கு. அதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்தும். 3-லிருந்து தொடங்கினா சுலபம். 3 என்பது √9; 9 = 1+2×4. அந்த 4 என்பது √16; 16 = 1+3×5. அந்த 5 என்பது √25; 25 = 1+4×6. ஒன்பதாம் வகுப்புப் பையனே தொடர்ந்து போட்டுடுவான். (இது முழு நிரூபணம் ஆகாது. முடிவில்லாம போற வால் பகுதியைத் தனியா கவனிக்கணும்.)

1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதமும் இப்படித்தான். மாக் தீட்டா சார்புன்னா என்னன்னு அதில் அவர் சொன்ன விளக்கம் தெளிவா இல்லை. ஆனா கூடவே 17 உதாரணம் கொடுத்தார். 1930-களில் வாட்சன் அவற்றைப் பிடிச்சுக்கிட்டுதான் வேலை செஞ்சார். அடியில் இருக்கும் அமைப்பு 2002-ல் ஸ்வெகர்ஸின் ஆய்வேட்டில்தான் விளங்கிச்சு. உதாரணம் இல்லாம வெறும் விளக்கம் மட்டும் வந்திருந்தா, யார் எதைப் பிடிச்சு ஏறியிருப்பாங்க?

கூட வேலை செய்யுற பசங்க பிழைன்னு வந்து நின்னா நானும் இதையேதான் கேப்பேன்: அந்தப் பிழை வர்ற மாதிரி நாலு வரி எழுதிக் காட்டு.

உதாரணம் இருந்தாலும் பெட்டிக்குள்ள கிடந்தா பிரயோஜனம் இல்லை. அவருடைய கடைசி வருஷத் தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டது 1976-ல். இடையில் 56 வருஷம். தாள்களை அழிக்காம வெச்சிருந்தாங்க, அதுவரைக்கும் சரி. ஆனா அப்பவே நாலு பேருக்குப் படி எடுத்து அனுப்பியிருக்கலாம்.

என் கணினியிலும் "சரி பண்ணிட்டுப் போடலாம்"னு சில வருஷமா தூங்குற குறிப்புகள் இருக்கு. ராமானுஜன் தாளோட ஒப்பிடலைங்க, அவ்வளவு திமிர் இல்லை. ஆளுக்கு ஒரு சின்ன உதாரணம் மட்டும் சேர்த்து, அரைகுறையாவே இந்த மாசத்திலிருந்து இங்கே போடறேன்.