கால்குவின் விருந்துக் கணக்கு

வடக்கு ஈராக்கின் நிம்ருத்தில், அதாவது பழைய கால்கு நகரத்தில், தொல்லியலாளர் மாக்ஸ் மாலோவனின் குழு 1951இல் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தது. கிடைத்த இடம் அரியணை மண்டபத்தின் வாசலுக்கு அருகே. கி.மு. 883 முதல் 859 வரை அசீரியாவை ஆண்ட இரண்டாம் அசூர்நசிர்பால், புதிய அரண்மனை எழும்பியதும் 69,574 பேருக்குப் பத்து நாள் விருந்து வைத்ததாக அதில் பொறித்திருக்கிறான். கொடுங்கோலன் எனப் பெயரெடுத்தவனுக்கு ஈகை முகமும் இருந்தது என்பதற்கு இந்தக் கல்லைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல.

முதலில் எண்களைப் பார்ப்போம். ரொட்டி 10,000, பீர் 10,000 ஜாடி, திராட்சை மது 10,000 தோல்பை, முட்டை 10,000, மீன் 10,000, புறா 10,000. பாலைநிலத்தில் துள்ளித் திரியும் எலிகூட 10,000. இதை அப்படியே நம்பினால், பத்து நாளுக்கும் சேர்த்து ஏழு பேருக்கு ஒரு ரொட்டிதான் தேறும். எந்தச் சமையற்கட்டும் இப்படிக் கணக்கு எழுதாது. பத்தாயிரம் என்பது இங்கே எண்ணி மாளாதது என்ற பொருளில் வருகிறது.

விருந்தினர் பட்டியல் வேறு மாதிரி. நாடெங்கிலுமிருந்து வந்த ஆண்களும் பெண்களும் 47,074, அயல்நாட்டுத் தூதர்கள் 5,000, கால்கு நகரத்தார் 16,000, அரண்மனை அலுவலர் 1,500. கூட்டினால் சரியாக வருகிறது. எண்கள் ஊதிப் பெருக்கப்பட்டிருக்கலாம். ஆனால் யார் யாரைப் பட்டியலில் சேர்த்தான் என்பதில் அரசின் நோக்கம் தெரிகிறது.

அந்த 16,000 பேர் யார்? தான் வென்ற நாடுகளின் மக்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து கால்குவில் குடியேற்றியதை அரசனே அதே கல்லில் பெருமையாகச் சொல்கிறான். வழிநெடுக நாடுகளில் கண்ட மரங்களைத் தன் தோட்டத்தில் நட்டதையும் அங்கேயே சொல்கிறான். ஊரை இழந்தவர்களும், ஊரை அழித்தவனின் பந்தியில் நகரத்தாராக எண்ணப்படுகிறார்கள். தூதர் பட்டியலில் சுஹு இருக்கிறது. அந்நாட்டு ஆளுநன் குதுர்ருவோடு இவன் போரிட்டிருக்கிறான். தீரு, சீதோன் இருக்கின்றன. அவை இவனுக்குத் திறை கட்டிய துறைமுகங்கள். விருந்துக்கு வந்தோர் பட்டியலையும் திறை கொடுத்தோர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெயர்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகின்றன.

இனி இதே அரசன் கால்குவின் நினுர்த்தா கோயிலில் பொறித்த கல்வெட்டு. தேலா நகரில் 3,000 வீரரை வீழ்த்தியதாகவும், பிடிபட்டவர்களின் கையையும் மூக்கையும் காதையும் அறுத்ததாகவும், கண்களைப் பிடுங்கியதாகவும், சிறுவர் சிறுமியரைத் தீயிலிட்டதாகவும் அதில் அவனே சொல்கிறான். நியாயமான மறுப்பு ஒன்று இங்கே எழும்: விருந்தின் எண்ணைச் சந்தேகிக்கும் நாம் வதையின் எண்ணை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? நம்ப வேண்டியதில்லை. அந்த 3,000மும் முழு எண்தான். ஆனால் என் வாதம் எண்களை நம்பி நிற்கவில்லை. தன்னைப் பற்றிக் கல்லில் எது நிலைக்க வேண்டும் என்று அவன் எதைத் தேர்ந்தான் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. தீயையும் தேர்ந்தான், பந்தியையும் தேர்ந்தான். எதற்கும் வெட்கப்படவில்லை, எதையும் இன்னொன்றுக்கு ஈடாக வைக்கவுமில்லை.

விருந்தினரை நீராட்டி, எண்ணெய் பூசி, சிறப்புச் செய்து, நிம்மதியாகவும் மகிழ்ச்சியாகவும் ஊருக்கு அனுப்பியதாகக் கல்வெட்டு முடிகிறது. ஐயாயிரம் தூதர்களும் திரும்பிப் போய்ச் சொல்லவிருந்த செய்தி இதுதான்: பணிந்தால் பந்தி, எதிர்த்தால் தேலா. ஆகவே ஈகையின் சான்றாக இந்தக் கல் தேறாது. பணிவுக்கு என்ன கூலி என்று அறிவித்த அரசாணையாக முழுமையாகத் தேறும். விருந்துப் பகுதியை மட்டும் தனியே எடுத்து, பண்டைய உணவு வரலாறு என்று அச்சிடுவதை நான் கடுமையாகவே ஆட்சேபிக்கிறேன். தேலாப் பகுதியும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.